சாவுப் படக்காரன் எடுத்த குடும்பப் படம்

எங்கள் குடும்பத்தை முதன்முதலாகப் படம் பிடித்தவன் யூனுஸ். முத்துப்பேட்டைக்காரன். மன்னார்குடியில் மீரா உசேன் என்பவரின் ஸ்டுடியோவில் தொழில் பழக வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சில மாதங்களில் உயிரோடு இருக்கிற ஒருவரைக்கூட அவன் நாற்காலியில் உட்காரவைத்துப் படம் எடுத்ததில்லை. இது முன்பே தெரிந்திருந்தால் வேறு ஆளைப் பார்த்திருப்போம் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் எங்கள் தெருவுக்கு வேறு யார் வருவார்கள்?

படம் எதற்கு என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நடவாள் குடும்பத்துக்குப் போட்டோ ஒரு கேடா என்பீர்கள். ஊரில் அப்போதே பல பேர் அப்படித்தான் கேட்டார்கள். பண்ணையாள் குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்திருந்த சமயம் அது. என் அப்பா கண்ணுசாமி பிறந்தது, அம்மா அம்சம் வாழ வந்தது, செவ்வந்தியாகிய நான் தவழ்ந்தது எல்லாமே மிராசுதார் துரைக்கண்ணுவின் களத்தை ஒட்டி வாய்க்கால் கரையில் இருந்த ஒரு கூரை வீட்டில்தான். சட்டப்படி அந்த மனை எங்களுக்கு வரவேண்டும்.

துரைக்கண்ணுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஆட்சி மாறுகிற வரையில் கதர் கட்டியவர். மாறிய பிறகு அவருடைய வேட்டிக்குக் கறுப்பு சிவப்பில் கரை முளைத்தது. மேடை ஏறினால் ஏழைக்காகக் கண் கலங்குவார், இறங்கியதும் கண் சரியாகிவிடும். மனைச் சட்டத்தை வரவேற்று எங்கள் ஊரில் நடந்த கூட்டத்துக்குத் தலைமையே அவர்தான். அந்தச் சட்டம் தன் நிலத்துக்கும் பொருந்தும் என்பதைத் தவிர, அவருக்கு அதில் எந்தக் குறையும் இல்லை. ஆகவே எங்கள் வீடு இருந்த இடம் தன் மாட்டுக்கொட்டகை என்றும், அங்கே மனிதர் யாரும் குடியிருந்ததே இல்லை என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் எந்தச் சாதி மாடு என்பதை மட்டும் அவர் எழுதவில்லை.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து இராஜாங்கம்தான் விவரம் தெரிந்தவர். ஒரு நாள் சாயங்காலம் வந்து அப்பாவிடம் சொன்னார்.

"கண்ணுசாமி, விசாரணைக்கு அதிகாரி வரதுக்குள்ள வீட்டையே பிரிச்சுப் போட்டாலும் போட்டுடுவாங்க. அப்பறம் வீடு இருந்துதுன்னு எதைக் காட்டுவே? நீங்க மூணு பேரும் வாசல்ல இருக்கற மாதிரி ஒரு படம் எடுத்து வச்சுக்கணும்."

"படமா? எனக்கா?" என்றார் அப்பா. யாரோ தன்னை ஜில்லா கலெக்டராகப் போட்டுவிட்டதுபோல் கூச்சப்பட்டார்.

இராஜாங்கம் மன்னார்குடிக்குப் போய் மீரா உசேனை அழைத்தார். அவர் முதலில் சரி என்றார். எந்தத் தெரு என்று கேட்டார். இராஜாங்கம் சொன்னதும், அன்றைக்குத் தனக்கு ஒரு கல்யாணம் இருப்பது அவருக்குச் சட்டென்று நினைவு வந்தது. எந்த நாளைச் சொன்னாலும் அவருக்கு அன்றைக்கு ஒரு கல்யாணம் இருந்தது. கடைசியில் யூனுஸை அனுப்பிவைத்தார்.

யூனுஸுக்கு அதுவரை அவர் கொடுத்திருந்த வேலை சாவு வீடுகள் மட்டுமே. எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்துப்போனால் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, சுற்றிலும் குடும்பத்தை நிறுத்திப் படம் எடுப்பார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் உட்கார ஒரு நாற்காலி கிடைக்காதவருக்கும் அன்று ஒரு நாள் கிடைத்துவிடும். தொழில் பழகுகிறவனுக்கு அதைவிட வசதியான வேலை இல்லை என்பது மீரா உசேனின் கட்சி. ஆடாது, அசையாது, படம் நன்றாக வரவில்லை என்று திரும்பி வந்து சண்டை போடாது.

யூனுஸ் சைக்கிளில் வந்தான். பின்னால் மடக்கு நாற்காலி, கழுத்தில் காமிரா. வந்ததும் அவன் சொன்ன முதல் செய்தி, பிலிம் சுருளில் ஒரே ஒரு படம்தான் மிச்சம் இருக்கிறது என்பது. மற்றதெல்லாம் அன்று காலையில் காலமான ஒரு ரைஸ்மில் முதலாளியோடு போய்விட்டதாம். எங்களுக்கு ஒன்று மிச்சம் வைத்த புண்ணியவான் அவர்.

வாசலில் நாற்காலியை விரித்துப் போட்டான். பின்னால் கூரை, அதில் படர்ந்திருந்த பூசணிக்கொடி, அடுப்பு, தண்ணீர்ப் பானை, கட்டியிருந்த ஆடு எல்லாம் தெரிகிறதா என்று இராஜாங்கம் பார்த்துக்கொண்டார். வீட்டைப் பொறுத்தவரையில் ஒரு சிக்கலும் இல்லை. அது சொன்னபடி நின்றது. சிக்கல் எங்களால்தான்.

அப்பாவை நாற்காலியில் உட்காரச் சொன்னான். அப்பா சுற்றும் முற்றும் பார்த்தார், களத்துப் பக்கம் ஒரு முறை பார்த்தார், மிராசுதார் இல்லை என்று உறுதி செய்துகொண்டு விளிம்பில் ஒட்டிக்கொண்டார். யூனுஸ் கிட்டே வந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துத் தொடைமேல் வைத்தான். தள்ளிப் போய்க் காமிராவைக் கண்ணில் வைத்தான். அதற்குள் அந்தக் கைகள் மார்புக்கு ஏறிக் கட்டிக்கொண்டுவிட்டன, தோளில் இருந்த துண்டு கக்கத்துக்குப் போய்விட்டது. திரும்ப வந்தான், கையை இறக்கி வைத்து, துண்டைத் தோளில் போட்டான். தள்ளிப் போனான், கை ஏறிவிட்டது. சட்டை போட்ட ஒரு ஆள் எதிரே நின்றால் கை கட்ட வேண்டும் என்பது அப்பாவுக்கு அவருடைய அப்பா கொடுத்த சொத்து. அதற்கு மட்டும் யாரும் வழக்குப் போடவில்லை.

"ஏங்க, கை மேல வருதே," என்றான் யூனுஸ் வருத்தத்தோடு. அவனிடம் அதுவரை வந்தவர்கள் யாருக்கும் கை மேலே வந்ததில்லை.

"நான் எடுக்கலை தம்பி, அதுவா வருது."

பிறகு இரண்டு விரலால் அப்பாவின் மோவாயைத் தூக்கி நிறுத்தினான். மோவாய் பேசியது. "வலிக்குது தம்பி." யூனுஸ் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். அடுத்து, பழக்க தோஷம், சட்டைப் பையிலிருந்து ஒரு துணி நாடாவை எடுத்துக் குனிந்து அப்பாவின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துப் பிடித்தான். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"டேய் தம்பி! என்ன பண்றே? உசிரோட இருக்கற மனுசனுக்குக் கால்கட்டா போடறே?"

"இல்லீங்க, ஒரு ஞாபகத்துல..." என்று நாடாவைப் பைக்குள் திணித்தான். முகம் வியர்த்துவிட்டது. "கோவிச்சுக்காதீங்க அம்மா. இதுவரைக்கும் நான் எடுத்தவங்க யாரும் ஒரு குறை சொன்னதில்லைங்க."

அம்மாவை இடதுபுறம் நிறுத்தி அப்பாவின் தோளில் கை வைக்கச் சொன்னான். என்னை வலதுபுறம் நிறுத்தினான். எங்களுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. சாவு வீட்டில் நிற்கிறவர்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை அல்லவா? காமிராவைக் கண்ணில் வைத்துப் பார்த்து, இறக்கிக்கொண்டான்.

"கொஞ்சம் துக்கமா... இல்ல, அது வேணாம். சும்மா இருங்க. சும்மா இருக்கற மாதிரி இருங்க."

சும்மா இருப்பது எப்படி என்று எங்கள் தெருவில் யாருக்கும் பழக்கம் இல்லை. நான் சிரித்துவிட்டேன். அம்மா என்னை முறைத்தாள். அவள் முகம் அப்படியே நின்றுவிட்டது.

"ஆடாதீங்க, மூச்சை அடக்கிக்கிங்க, கண்ணைச் சிமிட்டக் கூடாது," என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னான். "ஒரே படம்தான் இருக்கு. சிமிட்டினா எல்லாம் போயிடும்."

என் அப்பா சொன்ன பேச்சுக் கேட்பதில் ஊரிலேயே முதல் ஆள். சிமிட்டக்கூடாது என்றால் அதற்கு எது பத்திரமான வழி என்று யோசித்திருக்கிறார். மூடிக்கொண்டால் சிமிட்ட முடியாது. மூச்சைப் பிடித்து, கையைத் தொடைமேல் போட்டு, தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை இறுக்கமாக மூடிக்கொண்டார். யூனுஸுக்கு அன்று முழுவதும் இல்லாத நிம்மதி முகத்தில் வந்தது. அவனுக்குத் தெரிந்த காட்சி கடைசியில் கண்ணெதிரே கிடைத்துவிட்டது. அழுத்திவிட்டான்.

படம் வந்த அன்று தெருவே கூடியது. பக்கத்து வீட்டு நீலாம்பாள் வாங்கிப் பார்த்தாள், "ஐயோ, என் அண்ணா!" என்று மார்பில் ஒரு அடி அடித்துவிட்டாள். பிறகுதான் தன் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணனைக் கவனித்தாள். அம்மா படத்தைக் கையால்கூடத் தொடவில்லை. அவளுக்குக் கோபத்தைவிட பயம்தான் அதிகம். தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டே இருந்தாள். எனக்கு அப்போது சிரிப்பு வந்தது, அவள் முகத்தைப் பார்த்த பிறகு வரவில்லை.

இராஜாங்கம் மட்டும் படத்தைத் தூக்கிப் பிடித்துக் குறை சொல்ல முடியாதபடி பேசினார். "வீடு நல்லா விழுந்திருக்கு பாரு. பூசணிக்காய்கூடத் தெரியுது. ஆள் எப்படி இருந்தா என்ன?"

இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் சம்பா நடவு வந்துவிட்டது. ஒரு நாள் வயலிலிருந்து திரும்பி வந்தபோது வீடு இல்லை. கூரையைப் பிரித்து, சுவரைச் சாய்த்து, டிராக்டர் விட்டுச் சமன் செய்து, நடுவில் ஒரு எருக்குழியும் வெட்டி, முளையடித்து மாடும் கட்டியிருந்தார்கள். எங்கள் ரேஷன் கார்டும் எருக்குழிக்குள் போய்விட்டது. ஒரே பகலில் இவ்வளவு வேலை செய்யக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு, வாய்க்கால் வெட்டுவதற்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை என்று துரைக்கண்ணு ஏன் சொல்லிக்கொண்டிருந்தார் என்று தெரியவில்லை. அம்மா அந்த மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா கை கட்டி நின்றுகொண்டிருந்தார், எதிரே மாடுதான் இருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நீலாம்பாள் வீட்டில் ஒண்டிக்கொண்டோம். உலகத்தில் எங்கள் வீடு மிச்சம் இருந்தது இராஜாங்கம் பத்திரமாக வைத்திருந்த அந்தப் படத்தில் மட்டும்தான்.

விசாரணை பஞ்சாயத்து ஆபீசில் நடந்தது. அதிகாரி ஜீப்பில் வந்தார். மேஜைக்குப் பின்னால் அவர், ஒரு பக்கத்தில் நாற்காலியில் துரைக்கண்ணு, மற்றவர்கள் எல்லாரும் நின்றுகொண்டு. யூனுஸையும் இராஜாங்கம் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார்.

"அது எங்க மாட்டுக்கொட்டகைங்க. மனுசங்க யாரும் இருந்ததே இல்லை. வேணும்னா இப்பவே போய்ப் பாருங்க, மாடு கட்டியிருக்கு," என்றார் துரைக்கண்ணு.

இராஜாங்கம் படத்தை மேஜைமேல் வைத்தார். அதிகாரி பார்த்துவிட்டு துரைக்கண்ணுவிடம் நீட்டினார். "கொட்டகையில அடுப்பு இருக்கே? மூணு பேர் இருக்காங்களே?"

துரைக்கண்ணு படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். மனிதர் கெட்டிக்காரர், அதை நான் எப்போதும் மறுத்ததில்லை. முகத்தில் ஒரு துக்கத்தை வரவழைத்துக்கொண்டார். மேடையில் வருமே, அதே துக்கம்.

"இருந்தான்யா, ஒருத்தன் இருந்தான். மறந்தே போச்சு பாருங்க. இவன் கண்ணுசாமி. நம்ம பண்ணையாள்தான், ரொம்ப விசுவாசமானவன். குடும்பத்தோட அங்க ஒண்டியிருந்தான். சட்டம் வரதுக்கு முன்னாடியே போய்ச் சேந்துட்டான். இது அவன் சாவுப் படம், பாத்தாலே தெரியுதே. அவன் போனதும் பொண்டாட்டியும் பொண்ணும் எடத்தைக் காலி பண்ணிட்டாங்க. அப்பறம் அங்க மாடுதான்."

"அப்ப இவர் யாரு?" அதிகாரி அப்பாவைக் காட்டினார்.

"அவன் அண்ணன். குடவாசல் பக்கம் இருந்தவன். மனை கெடைக்குதுன்னு வந்து ஒட்டிக்கிட்டான்."

அம்மா அலறிவிட்டாள். நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். இதுதான் கண்ணுசாமி என்று தெரு முழுவதும் சொன்னது. நீங்கள் எல்லாம் ஒரு கட்சி, அப்படித்தான் சொல்வீர்கள் என்றார் அதிகாரி. ஊர்ப் பெரிய மனிதர்களைக் கேட்டார். அவர்களுக்குத் தினமும் வயலில் குனிந்திருக்கிற என் அப்பாவின் முதுகுதான் பழக்கம், முகம் அவ்வளவாகத் தெரியாது என்பதுபோல் ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்தார்கள்.

அதிகாரி யூனுஸை அழைத்தார். "நீதானே இதை எடுத்தே? எடுக்கறப்ப இவர் உசிரோட இருந்தாரா?"

"இருந்தாருங்க. மோவாயைத் தூக்கினப்ப வலிக்குதுன்னு சொன்னாருங்க."

"இதுவரைக்கும் நீ யாரையெல்லாம் எடுத்திருக்கே?"

யூனுஸுக்குப் பொய் சொல்லவும் வராது. "செத்தவங்களைத்தாங்க."

"உசிரோட ஒருத்தரையும் உக்கார வச்சு எடுத்ததில்லையா?"

"இவர் ஒருத்தர்தாங்க."

துரைக்கண்ணு சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டார். வீடு போயாயிற்று. இப்போது இடமும் போகப்போகிறது, அதோடு அப்பாவும் கணக்கில் இல்லாமல் போகப்போகிறார் என்று தோன்றியது.

அதிகாரி படத்தையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். படத்தில் இருந்தவர் நிமிர்ந்து, தோளில் துண்டு போட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே நின்றவரோ கூனிக்கொண்டு, துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கை கட்டித் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்குத்தான் ஒரே ஆள் என்று தோன்றும்?

"ஒரு நாற்காலி கொண்டாங்க," என்றார் அதிகாரி. "பெரியவரே, படத்துல இருக்கற மாதிரி உக்காருங்க. ஒத்துப்போகுதான்னு பாத்துடறேன்."

நாற்காலி வந்தது. அப்பா அதைப் பார்த்தார், எதிர் நாற்காலியில் இருந்த துரைக்கண்ணுவைப் பார்த்தார். உட்காரவில்லை. அதிகாரி இன்னொரு முறை சொன்னார். அப்பாவின் முழங்கால் மடங்கவில்லை. மிராசுதார் எதிரில் உட்காருவதற்குப் பதில் நான் என் அண்ணனாகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று சொல்லிவிடுவார் போல இருந்தது. இது நடக்காது என்று துரைக்கண்ணுவுக்கும் தெரியும். வெற்றிலைச் செல்லத்தைத் திறந்து சாவகாசமாக ஒரு வெற்றிலையைத் துடைத்தார்.

அப்போதுதான் யூனுஸ் முன்னால் வந்தான். "நான் உக்கார வைக்கட்டுங்களா?"

அப்பாவின் கட்டியிருந்த கைகளைப் பிரித்தான். தோளைப் பிடித்து மெதுவாக அழுத்தினான். அப்பா உட்கார்ந்தார். துண்டைக் கக்கத்திலிருந்து உருவித் தோளில் போட்டான். கைகளைத் தொடைமேல் வைத்தான், அவை ஏறப் பார்த்தபோது தன் கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டான். மோவாயைத் தூக்கினான், இந்த முறை வலிக்காமல். அப்பா மூச்சை அடக்கிக்கொண்டு கண்ணை மூடப்போனார்.

"மூடாதீங்க," என்றான் யூனுஸ். "மூச்சையும் விடுங்க. கண்ணு ஒரு எடத்துல நின்னுட்டா சிமிட்டல் வராது. ஒரு எடத்தை மட்டும் பாத்துக்கிட்டே இருங்க."

"எதைத் தம்பி பாக்கறது?"

யூனுஸ் அறையைச் சுற்றிப் பார்த்தான். எதிரில் துரைக்கண்ணு வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார்.

"அவரைப் பாருங்க," என்றான்.

வேண்டுமென்றே சொன்னானா, வெளியூர்க்காரன் தெரியாமல் சொன்னானா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அப்பா சொன்ன பேச்சுக் கேட்கிறவர். பார்த்தார். பிறந்ததிலிருந்து காலை மட்டுமே பார்த்துப் பழகிய ஒரு ஆளின் முகத்தை, கால்மேல் கால் போடாத குறையாக, அவருக்குச் சமமான ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, தோளில் துண்டோடு, இமைக்காமல் பார்த்தார். அதிகாரி படத்தைத் தூக்கிப் பிடித்து ஒத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துரைக்கண்ணு முதலில் வேறு பக்கம் திரும்பினார். திரும்பிப் பார்த்தபோதும் அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வெற்றிலையை மடிக்கவே இல்லை. கழுத்து சிவந்து, காது சிவந்து, நெற்றி வரை ஏறியது. வழக்கு, சட்டம், அதிகாரி, வேட்டியின் கரை எல்லாம் அந்த மனிதருக்கு மறந்துபோனதை நான் என் கண்ணால் பார்த்தேன். செல்லம் கீழே விழ எழுந்து நின்று கத்தினார்.

"டேய் கண்ணுசாமி! யார் எதிர்ல உக்காந்திருக்கேன்னு தெரியுதா? எந்திரிடா!"

அதிகாரி படத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். துரைக்கண்ணுவுக்கும் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று ஒரு நொடி கழித்துத்தான் தெரிந்தது. அறையில் இருந்த எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். வழக்கமாக அந்தக் குரல் கேட்டால் சோற்றில் கை வைத்திருந்தாலும் எழுந்துவிடுகிறவர். கைகள் தொடையிலிருந்து ஒரு விரல்கடை எழும்பின. ஆனால் மேலே வரவில்லை.

"நான் எப்படிங்க எந்திரிக்கறது?" என்றார் அப்பா. "நீங்கதான் செத்துட்டேன்னு சொல்லிட்டீங்களே."

அதிகாரி குனிந்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதி முடித்துக் கையெழுத்துப் போடுகிற வரைக்கும் அப்பா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.